புதுப்பிப்பு: நெர்ல் நதிக்கரைத் தேவாலயப் படங்கள்

ரஷ்யாவின் விளாதிமிர் நகரப் பக்கம் போகிறேன், 1165-ல் கட்டியதாகச் சொல்லப்படும் அந்த வெள்ளைக்கல் தேவாலயத்தை எந்த நேரத்தில் படம் எடுக்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பலரும் "விடியற்காலை" என்றீர்கள். போய்வந்துவிட்டேன்.

பகலுபோவோ ரயில் நிலையத்திலிருந்து புல்வெளி வழியே நடைதான், நிழலே கிடையாது. விடியல் வெளிச்சம் பீடம் இருக்கும் கிழக்குப் பக்கத்து அரைவட்டச் சுவர்களில் விழுகிறது. அழகுதான். ஆனால் மேற்குச் சுவரின் சிற்பங்களுக்கு மாலைதான் சரி. வெயில் சாயும்போது, உச்சியில் யாழோடு அமர்ந்திருக்கும் தாவீது அரசர், இருபுறமும் பறவைகள், சிங்கங்கள் எல்லாம் கல்லிலிருந்து புடைத்து நிற்கின்றன. உச்சிவெயிலில் அதே சுவர் சப்பென்று இருக்கிறது. சிற்பத்துக்கு ஜூம் லென்ஸ் கட்டாயம்.

வெள்ளைச் சுவர் ஃப்ரேமை நிறைத்தால் கேமரா அதைச் சாம்பலாக்கிவிடும், எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் வெளிச்ச அளவை) கொஞ்சம் கூட்டுங்கள்.

உள்ளே எடுக்கலாமா என்று கேட்டவருக்கு: மெழுகுவத்தி விற்கும் அம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வழிபாடு நடந்தால் கேமராவை எடுக்கவே வேண்டாம். எப்படியும் வெளியேதான் விஷயம் இருக்கிறது.

வசந்தகால வெள்ளத்தில் தேவாலயம் நிற்கும் மேடு தீவாகிவிடும். அந்தப் படம் வேண்டுமென்றால் ஏப்ரலில் போக வேண்டும், நடந்து அல்ல, படகில்.