வனேடியம் ஃப்ளோ பேட்டரியில் கெப்பாசிட்டி இறங்குகிறது, அவசரம்

கொழிஞ்சாம்பாறை செல்வி:
கஞ்சிக்கோட்டில் சின்ன வனேடியம் ஃப்ளோ பேட்டரி (இரண்டு டேங்கிலுள்ள வனேடியம் கரைசலைப் பம்ப் செய்து மின்சாரம் சேமிப்பது) ஒன்றைச் சோதிக்கிறோம். ஓட ஓட கெப்பாசிட்டி (சேமிக்கும் அளவு) இறங்குகிறது, இப்போது முக்கால் பங்குதான். பம்ப் சரியாக ஓடுகிறது, கசிவு இல்லை. திங்கட்கிழமை அறிக்கை கொடுக்க வேண்டும். யாராவது சொல்லுங்கள்.

மின்னோடி:
இரண்டு கரைசலையும் பிரிக்கும் மெம்பரேன் எது? செல்லுக்கு எத்தனை வோல்ட் வரை ஏற்றுகிறீர்கள்? இரண்டு டேங்கிலும் மட்டம் சமமா? நெகட்டிவ் டேங்கில் காற்றைத் தடுக்க நைட்ரஜன் உண்டா?

சித்தூர் ராஜன்:
வெயில்தான் காரணம். பாலக்காட்டுச் சூடு தெரியாதா? 40 டிகிரி தாண்டினால் பாசிட்டிவ் பக்கத்தில் வனேடியம் பென்டாக்சைடு படியும். செல்லுக்குள் இருக்கும் கார்பன் ஃபெல்ட்டைப் பிரித்துப் பாருங்கள்.

மூத்தவன்:
அடிப்படையைப் படித்துவிட்டுக் கேள் தங்கச்சி. 1980களில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் மரியா ஸ்கில்லஸ் கசாகோஸ் குழு இரண்டு பக்கமும் வனேடியத்தையே வைத்தது இதற்குத்தான். வனேடியம் மெம்பரேனைக் கடந்துபோனாலும் இரண்டு டேங்கையும் கலந்து மறுபடி சார்ஜ் செய்யலாம். கலந்துவிடு, வேலை முடிந்தது.

ஆழியாறு மணி:
கடம்பாறையில் தண்ணீரை மேலே ஏற்றி வைத்து மின்சாரம் எடுக்கும் 400 மெகாவாட் நீரேற்று நிலையம் ஓடுகிறதே, இந்த அமிலத் தொட்டி எதற்கு?

சித்தூர் ராஜன்:
மேலே ஒரு அணை, கீழே ஒரு அணை எல்லா ஊரிலும் கிடைக்குமா அண்ணா? சீனாவில் தாலியனில் 2022இல் 100 மெகாவாட், 400 மெகாவாட் மணி ஃப்ளோ பேட்டரியே வைத்துவிட்டார்கள், அதாவது நான்கு மணி நேரம். எட்டு மணி நேரம் வேண்டுமானால் டேங்கைப் பெரிதாக்கினால் போதும், ஸ்டாக் (செல் அடுக்கு) அதேதான்.

ஆழியாறு மணி:
பெரிய டேங்குக்கு வனேடியமும் அதற்கேற்பக் கூடுதலாக வேண்டுமே, அந்த விலையை யார் கொடுப்பது?

மின்னோடி:
அதைத் தனி இழையில் பேசுங்கள். செல்வி, பதில்?

கொழிஞ்சாம்பாறை செல்வி:
மட்டம் ஏறக்குறைய சமம். எலக்ட்ரோலைட் (டேங்கிலுள்ள கரைசல்) 36 டிகிரி. நைட்ரஜன் இல்லை, மூடி மட்டும்தான்.

மின்னோடி:
அப்படியென்றால் காற்றுதான். நெகட்டிவ் பக்கத்து ஊதா வனேடியத்தை ஆக்சிஜன் தின்றுவிடும். கலப்பதால் அது திரும்பாது. கலந்தபின் டைட்ரேஷன் (கரைசலை அளக்கும் வேதிச் சோதனை) செய்து பாருங்கள், வனேடியத்தின் சராசரி ஆக்சிஜனேற்ற நிலை (ஒரு அணு எத்தனை எலக்ட்ரான் இழந்திருக்கிறது என்ற கணக்கு) 3.5 இருக்க வேண்டும். 0.1 கூடினாலே கெப்பாசிட்டியில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். சார்ஜ் ஆன பாசிட்டிவ் பக்கத்தில் கணக்குப் பார்த்து ஆக்சாலிக் அமிலம் சேர்த்தால் சரிக்கட்டலாம். கார்பன் டை ஆக்சைடு வரும், அது வெளியேற வழி வையுங்கள். கையுறை, கண்ணாடி முக்கியம்.

மூத்தவன்:
நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்.

கொழிஞ்சாம்பாறை செல்வி:
கலந்து ஓட்டினோம், கொஞ்சம்தான் ஏறியது. டைட்ரேஷனில் 3.6. நைட்ரஜன் சிலிண்டருக்குச் சொல்லியாகிவிட்டது. நன்றி மின்னோடி அண்ணா.