கைவேலைக்கு வருபவரைத் தடுப்பதையும் மொழித்தேர்வு வைப்பதையும் மக்கள் ஏன் ஆதரிக்கிறார்கள்?

காட்பாடிப் பயிற்றுநர் (கேள்வி):

வணக்கம். காட்பாடியில் மாலை வேளைகளில் ஆங்கில வகுப்பு நடத்தி வருகிறேன். என்னிடம் படிப்பவர்களில் பெரும்பாலோர் வெளிநாடு செல்ல விரும்பும் செவிலியர்கள். பிரிட்டன் 2022இல் முதியோர் பராமரிப்புப் பணியாளருக்கு விசா வழங்கத் தொடங்கிய பிறகு, வேறு சிலரும் வந்து சேர்ந்தார்கள். குடியாத்தத்தில் தீப்பெட்டி வேலை பார்த்தவர், கைத்தறியை விட்டுவிட்டு வந்தவர், பீடி சுற்றும் வீட்டுப் பெண் என்று பின்வரிசை பெஞ்சுகள் இரண்டும் அவர்களால் நிறைந்திருந்தன. 2025 ஜூலை 22 முதல் அந்த வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதைப் பிரிட்டன் நிறுத்திவிட்டது. திறன் தொழிலாளர் விசாவுக்குக் கேட்கப்படும் ஆங்கிலத் தகுதியும் 2026 ஜனவரி 8 முதல், ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலில் இடைநிலையான பி1இலிருந்து அதற்கு அடுத்த மேல்நிலையான பி2க்கு உயர்ந்துவிட்டது. பின்வரிசை இப்போது காலியாக இருக்கிறது.

நான் எழுத வந்தது அந்த வருத்தத்தை மட்டும் அல்ல. விதி மாறியதைக் கேட்டு, "படிக்காதவன் என்றால் அவ்வளவு இளக்காரமா?" என்று கொதித்த மாணவர்கள் சிலர், அன்று இரவே ரயில் நிலையத்தின் முன் தேநீர் குடித்துக்கொண்டு, வடக்கிலிருந்து வந்த ரயிலில் இறங்கிய தொழிலாளர்களைப் பார்த்து, "இவர்களுக்கும் ஒரு தமிழ்த் தேர்வு வைத்தால் என்ன?" என்றார்கள். நானும் சிரித்துவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பிரிட்டன் போன்ற நாடுகளின் மக்கள் உண்மையில் எதை எதிர்க்கிறார்கள்? மொழி தெரியாமையையா, கல்வியின்மையையா, வருபவரின் எண்ணிக்கையையா? மொழித்தேர்வு நேர்மையான அளவுகோலா, கதவைச் சாத்துவதற்கு ஒரு மரியாதையான வழியா? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

ஆற்காட்டு வாசகி:

சமூக அறிவியல் படித்தவள் என்ற முறையில், கருத்துக்கணிப்புகள் சொல்வதை முதலில் வைக்கிறேன். ஒருவர் உண்மையிலேயே நம் நாட்டவர் என்று கருதப்பட நம் மொழியைப் பேசுவது மிக முக்கியமா என்று அமெரிக்காவின் பியூ என்ற கருத்துக்கணிப்பு மையம் 2016இல் பல நாடுகளில் கேட்டது. நெதர்லாந்தில் 84 விழுக்காட்டினரும், பிரிட்டனில் 81 விழுக்காட்டினரும், அமெரிக்காவில் 70 விழுக்காட்டினரும், கனடாவில் 59 விழுக்காட்டினரும் ஆம் என்றார்கள். அந்த நாட்டிலேயே பிறந்திருப்பது மிக முக்கியம் என்றவர்கள் இந்த நான்கு நாடுகளிலும் அதைவிட மிகவும் குறைவு. பிறப்பை யாராலும் மாற்ற முடியாது, மொழியை முயன்றால் கற்றுக்கொள்ளலாம் என்பதால், மொழியைக் கேட்பது பெரும்பான்மையோருக்கு நியாயமாகப் படுகிறது. பிறப்பைக் கேட்டிருந்தால் அவர்களே கூசியிருப்பார்கள்.

அடுத்தது கல்வியின்மை. வேலை பறிபோகும் அச்சம்தான் எதிர்ப்புக்குக் காரணம் என்றால், துப்புரவுத் தொழிலாளி துப்புரவுத் தொழிலாளியின் வருகையையும், மருத்துவர் மருத்துவரின் வருகையையும் எதிர்க்க வேண்டும் அல்லவா? ஹைன்முல்லர், ஹிஸ்காக்ஸ் என்ற அரசியல் அறிவியலாளர்கள் 2010இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில் அப்படி வரவில்லை. படித்தவரும் படிக்காதவரும் ஒன்றுபோலவே படித்த குடியேறியைத்தான் விரும்பினார்கள். 2015இல் அதே ஹைன்முல்லர் ஹாப்கின்ஸுடன் சேர்ந்து, கற்பனையான இரண்டு விண்ணப்பதாரர்களை அருகருகே காட்டி, இவர்களில் யாரை அனுமதிப்பீர்கள் என்று மக்களிடம் கேட்டார். நல்ல ஆங்கிலம், உயர்ந்த படிப்பு, மதிப்புள்ள வேலை ஆகியவற்றைக் கட்சி வேறுபாடின்றி ஏறத்தாழ எல்லோரும் தேர்ந்தெடுத்தார்கள். முன்பு அனுமதியின்றி நுழைந்தவரும் வேலை தேடும் எண்ணமே இல்லாதவரும் பெரிதும் பின்தள்ளப்பட்டார்கள். ஆகவே மக்கள் மனத்தில் ஓடுவது, "என் வேலை என்ன ஆகும்?" என்பதைவிட, "இவர் நம்மோடு ஒட்டி வாழ்வாரா, நமக்குச் சுமையாவாரா?" என்பதுதான் என்று தோன்றுகிறது.

ஆனால் பிரிட்டனில் கேள்வியின் சொல்லை மாற்றினால் விடையும் மாறுகிறது. "திறனற்றவர்" என்று பொதுவாகக் கேட்டால் குறைக்க வேண்டும் என்கிறார்கள். முதியோரைப் பராமரிப்பவர், பழம் பறிப்பவர் என்று வேலையின் பெயரைச் சொல்லிக் கேட்டால், இருக்கட்டும், கூடினாலும் தவறில்லை என்பவர்களே அதிகம். "திறனற்றவர்" என்ற சொல்லைக் கேட்டதும் மனத்தில் ஒரு கூட்டம் தெரிகிறது. வேலையைச் சொன்னதும் ஓர் ஆள் தெரிகிறார்.

பாகாயத்துச் செவிலி:

நான் வேலூரில் பயின்று, இப்போது இங்கிலாந்தின் வடபகுதியில் ஒரு மருத்துவமனையில் பணிபுரிகிறேன். செவிலியருக்கு மொழித்தேர்வு வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. மருந்தின் அளவைத் தொலைபேசியில் தவறாகக் கேட்டால் போவது உயிர். நான் எழுதிய தேர்வில் நோயாளியாக நடிப்பவரோடு ஐந்து நிமிடம் பேச வேண்டும், நோயாளியைப் பற்றி ஒரு கடிதமும் எழுத வேண்டும். இரண்டும் வேலைக்குத் தேவையானவைதாம், இரண்டிலும் தேறினேன். பணியில் சேர்ந்த மூன்றாம் நாள், எண்பது வயதுப் பாட்டி ஒருவர் என்னிடம் "ஸ்பெண்ட் எ பென்னி" என்றார். காசு செலவழிக்க எங்கோ போக வேண்டும் போலும் என்று எண்ணி, "கடை மாடியில் இருக்கிறது, பிறகு அழைத்துப் போகிறேன்" என்றேன். படுக்கை நனைந்த பிறகுதான் அது சிறுநீர் கழிக்கப் போக வேண்டும் என்பதற்கான பழைய மரியாதைச் சொல் என்று தெரிந்தது. நம் ஊரில் "ஒன்றுக்குப் போக வேண்டும்" என்றால் என்ன எண்ணிக்கை என்று கேட்பதைப் போன்ற பிழை அது. அந்தச் சொல்லை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் வார்டின் பராமரிப்பு உதவியாளர். அவரும் வெளிநாட்டிலிருந்து வந்தவர்தாம். இலக்கணமாக ஒரு கடிதம் எழுத அவரால் முடியாது, ஆனால் பாட்டிகள் எல்லோரும் அவரைத்தான் தேடுவார்கள். பி2 கேட்டிருந்தால் அவர் இங்கே வந்தே இருக்க மாட்டார்.

வேலூரில் பயிற்சிக் காலத்தில் வங்காளத்திலிருந்து வரும் நோயாளிகளுக்காக நாங்களும் "பேத்தா" என்றால் வலி, "ஜோல்" என்றால் தண்ணீர் என்று கையேட்டின் ஓரத்தில் எழுதி வைத்துக் கற்றோம். அதற்கு யாரும் தேர்வு வைக்கவில்லை.

ஆரணி ஓய்வாசிரியர்:

மரியாதையாகக் கதவைச் சாத்துவதா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு வரலாறு இருக்கிறது, அதில் நம் வட ஆற்காடும் இருக்கிறது. ஆகவே சற்று நீட்டி எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து சென்ற 'ட்ரூரோ' கப்பல் ஒப்பந்தக் கூலிகளோடு, இன்றைய தென்னாப்பிரிக்காவில் இருந்த பிரிட்டிஷ் குடியேற்றமான நேட்டாலின் துறைமுகத்தை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை சுமார் 1,52,000 இந்தியர்கள் கரும்புத் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்களை மிகுதியாக அனுப்பிய மாவட்டங்களில் வட ஆற்காடும் ஒன்று. அவர்களில் யாரிடமும் ஆங்கிலம் தெரியுமா என்று எவரும் கேட்கவில்லை. கரும்பு வெட்டக் கை இருந்தால் போதும். 1897 ஜனவரியில் காந்தியடிகள் டர்பனில் கரையிறங்கியபோது வெள்ளையர் கூட்டம் அவரைத் தாக்கியது. அதே ஆண்டில், குடியேற வருபவர் ஐரோப்பிய மொழி ஒன்றில் விண்ணப்பம் எழுதிக் காட்ட வேண்டும் என்று நேட்டால் சட்டம் செய்தது. அந்தச் சட்டம் யாரைத் தடுத்தது என்பதைக் கவனியுங்கள். தன் காசில் கப்பலேறி வந்த வணிகரைத்தான் தடுத்தது. கூலிகளின் வரவு மேலும் பதினான்கு ஆண்டுகள் தொடர்ந்தது. கைவேலைக்காரன் தேவைப்பட்டான், கடைவைத்து நிமிர்ந்து நிற்கக்கூடியவன் வேண்டாதவனானான். இன்று இந்தக் கணக்கு தலைகீழாகியிருக்கிறது, கருவி மட்டும் அதேதான்.

ஆஸ்திரேலியா 1901இல் அதே வழியில், அதிகாரி சொல்லச் சொல்ல ஐரோப்பிய மொழி ஒன்றில் 50 சொற்களை எழுத வேண்டும் என்று விதித்தது. எந்த மொழி என்பதை அதிகாரியே தீர்மானிப்பார். 1909க்குப் பிறகு அதில் ஒருவர்கூடத் தேறவில்லை. 1934இல் எகான் கிஷ் என்ற செக் எழுத்தாளர் பல மொழிகள் அறிந்தவராக இருந்ததால், அவருக்கு ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் தேர்வு வைத்தார்கள்! அது சட்டம் கூறும் ஐரோப்பிய மொழி ஆகாது என்று உயர் நீதிமன்றமே சொல்ல நேர்ந்தது. 1958இல்தான் அந்தத் தேர்வு ஒழிந்தது. அமெரிக்காவின் 1917ஆம் ஆண்டுச் சட்டமும் எழுத்தறிவுத் தேர்வு வைத்தது. ஆனால் எந்த மொழியில் வேண்டுமானாலும் படித்துக் காட்டலாம் என்ற அளவில் அது நாணயமானது என்பேன். அதே சட்டம் ஆசியாவின் பெரும்பகுதியை அடியோடு விலக்கியது என்பதையும் மறக்கக் கூடாது.

எனவே தேர்வைக் கண்டதும் சதி என்று சொல்லிவிட மாட்டேன். தேர்வு எழுதுபவர் முயன்றால் தேற முடிகிறதா, கேட்கப்படுவது அவர் செய்யப்போகும் வேலைக்கு வேண்டியதுதானா என்று பார்ப்பேன். பாகாயத்துச் செவிலி எழுதிய தேர்வு இரண்டிலும் நிற்கிறது. முதியவரைக் குளிப்பாட்டப் போகிறவரிடம் பி2 கேட்பது இரண்டாவதில் நிற்காது.

ராணிப்பேட்டை மேற்பார்வையாளர்:

ஐயா சொன்ன வரலாற்றை மறுக்கவில்லை. ஆனால் எதிர்ப்பவர் எல்லோரும் வெறுப்பினால்தான் எதிர்க்கிறார்கள் என்று எண்ண வேண்டாம். நான் தோல் பதனிடும் டேனரியில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தவன். டிரம்மிலிருந்து ஈரத்தோலை இழுத்துப் போடும் வேலைக்கு ஒப்பந்தக்காரர் வெளிமாநில ஆட்களைக் கொண்டுவந்த பிறகு, உள்ளூர்க்காரர் கூலி உயர்வு கேட்கும்போதெல்லாம், "வேண்டாம் என்றால் போ, ஆள் இருக்கிறது" என்ற பதில்தான் கிடைத்தது. அந்தக் கோபம் ஒப்பந்தக்காரர் மேல் போகாமல், பக்கத்தில் நின்று அதே தோலை இழுப்பவன் மேல் போகிறது. பிரிட்டனில் நடப்பதும் இதுவாக இருக்கலாம். எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு வேண்டும் என்று கேட்பதை நான் குற்றம் சொல்ல மாட்டேன்.

மொழித்தேர்வு மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. என் அக்கா 2009இல் வீட்டு வேலைக்குச் சிங்கப்பூர் போனபோது ஆங்கில எழுத்துத் தேர்வு இருந்தது. வினாவையும் விடையையும் உருப்போட்டுத் தேறினாள்; அந்த வீட்டு அம்மாளிடம் ஆறு மாதம் சைகையில்தான் பேசினாள். 2005இல் கொண்டுவந்த அந்தத் தேர்வை 2012இல் அவர்களே கைவிட்டு, அதற்குப் பதிலாக ஒரு நாள் அறிமுகப் பயிற்சியை வைத்தார்கள். 2015 ஜனவரி 31 அன்று எங்கள் சிப்காட்டில் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து பத்துப் பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்தவர். அவர்களுக்குத் தமிழ் தெரிந்திருந்தால் சுவர் நின்றிருக்குமா? தொட்டியில் விஷவாயு இருக்கிறது என்று எச்சரிப்பது வேலை வாங்குபவரின் கடமை. தேர்வு வைப்பதென்றால் முதலில் என்னைப் போன்ற மேற்பார்வையாளருக்கு இந்தியிலும் வங்காளத்திலும் வையுங்கள்.

காட்பாடிப் பயிற்றுநர்:

எல்லோருக்கும் நன்றி. ஆற்காட்டுச் சகோதரி சொன்ன ஆய்வு முறையை நேற்று வகுப்பிலேயே செய்து பார்த்தேன். தமிழ்நாட்டுக்கு வேலை தேடி வரும் இருவர் என்று கரும்பலகையில் எழுதினேன்: தமிழ் அறியாத மென்பொருள் பொறியாளர் ஒருவர், ஓரளவு தமிழ் பேசும் கொத்தனார் ஒருவர். பதினாறு பேரில் பதினொரு பேர் பொறியாளருக்குக் கை தூக்கினார்கள். தமிழ்த் தேர்வு வேண்டும் என்று ரயிலடியில் பேசிய இருவரும் அந்தப் பதினொரு பேரில் இருந்தார்கள். ஏன் என்று கேட்டேன். ஒருவர் மட்டும், "அது வேறு சார்" என்றார். மேற்பார்வையாளர் ஐயாவிடம் ஒரு கேள்வி: இப்போது உங்கள் இடத்தில் எச்சரிக்கைப் பலகை எந்த மொழியில் இருக்கிறது?

ராணிப்பேட்டை மேற்பார்வையாளர்:

தமிழ், இந்தி, வங்காளம் மூன்றிலும் இருக்கிறது. வேலூர் காந்தி ரோட்டு லாட்ஜுகளுக்கு வங்காளத்தில் பெயர் எழுதும் பெயின்டரை அழைத்துத்தான் எழுதினோம். முதல் நாளே எங்களிடம் வேலை பார்க்கும் வங்காளப் பையன் ஒருவன் பலகையைப் பார்த்துச் சிரித்தான். "இறங்காதே" என்பதில் ஓர் எழுத்து விட்டுப்போய் "இறங்கு" என்று இருந்ததாம். அவனே தூரிகையை வாங்கித் திருத்திவிட்டான்.