8 ஜிபி ராமில் க்யூப்ஸ் ஓடுமா? கும்பகோணம் ஆடிட்டர் ஆபீஸ், 4 கணினி

குடந்தைக்கணக்கு:
விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிஞ்சுபோச்சு. எங்க மெஷின் ஆறாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி. விண்டோஸ் 11 ஏறாது. பெரிய தலைவலி பென்டிரைவ்தான். அரிசி ஆலை, உரக்கடை, பாத்திரக்கடை எல்லாரும் கணக்கை அதுலதான் கொண்டு வர்றாங்க, எதுல வைரஸ் இருக்குமோன்னு பயம். நாலுலயும் க்யூப்ஸ் (பாதுகாப்புக்குன்னே இருக்கிற ஓஎஸ்) போடலாமா? பேக்கப்புக்கு ஓப்பன்ஸ்டாக் (கிளவுட் அமைக்கிற பெரிய மென்பொருள்) வச்சு சொந்த கிளவுட் போடுன்னு ஒருத்தர் சொல்றார்.

வெண்ணாறு:
நாலுலயும் வேண்டாம் சார், ஒண்ணுல போடுங்க. க்யூப்ஸ்ல அடியில ஓடுறது சென் ஹைப்பர்வைசர் (ஒரே மெஷினைப் பல மெய்நிகர் கணினியாப் பிரிக்கிற மென்பொருள்); ஒவ்வொரு வேலைக்கும் தனி மெய்நிகர் கணினி, அதுக்குப் பேர்தான் க்யூப். ராம் குறைந்தது 6 ஜிபி, பரிந்துரை 16. 8-ல ஏறும். ஆனா டாம்0 (எல்லாத்தையும் நிர்வகிக்கிற மையப் பகுதி), நெட், ஃபயர்வால், யுஎஸ்பி க்யூப்கள் எடுத்தது போக பிரவுசரும் லிப்ரே ஆபீஸும் திறந்தாலே மூச்சு வாங்கும். ஒரு மெஷினுக்கு மட்டும் ராமை 16 ஆக்கி, அதைப் பென்டிரைவ் மேசையா வச்சுக்கோங்க. பயாஸ்ல விடி-எக்ஸ், விடி-டி (மெய்நிகர் கணினிக்கான சிப் வசதிகள்) ரெண்டும் ஆன்ல இருக்கணும்.

பென்டிரைவைச் சொருகினா அது யுஎஸ்பி க்யூப்போட நின்னுடும். மேல் பட்டையில டிவைஸ் ஐகானைச் சொடுக்கி, நெட் இணைப்பே இல்லாத ஒரு டிஸ்போசபிள் க்யூபுக்குக் கொடுத்துப் பாருங்க. மூடினதும் க்யூபே அழிஞ்சிடும். பிடிஎஃப்-ஐ நம்பகமான பிடிஎஃப்-ஆ மாத்துற வசதியும் உண்டு. பக்கமெல்லாம் வெறும் படமாயிடும், அதனால எண்ணைத் தேடவோ நகலெடுக்கவோ முடியாது.

முக்கியமா ஒண்ணு: உங்க கீபோர்டு யுஎஸ்பிதானே? பூட் ஆகும்போதே எல்லா யுஎஸ்பியையும் மறைக்கிற மாதிரி வச்சா, டிஸ்க் பாஸ்வேர்டு கேக்கிற திரையில ஒரு எழுத்துகூட விழாது. பிஎஸ்2 கீபோர்டு ஒண்ணு பரண்ல கிடந்தா இறக்கிக்கோங்க.

குடந்தைக்கணக்கு:
நன்றி சார். லேப்டாப்புல சும்மா ஏத்திப் பார்த்தப்ப தமிழ் ஃபான்ட், ஐபஸ் (தமிழ்ல தட்டச்சு பண்ற மென்பொருள்) போட்டேன். ரீபூட் பண்ணினா காணோம்?

டெல்டா_டெபியன்:
ஆப் க்யூப்ல (அன்றாட வேலை பார்க்கிற க்யூப்) போட்டிருப்பீங்க. அங்க ஹோம் மாதிரி சில இடம்தான் நிலைக்கும், மத்ததெல்லாம் ஒவ்வொரு தடவையும் டெம்ப்ளேட்டுலேருந்து (மென்பொருளெல்லாம் இருக்கிற மூல க்யூப்) புதுசா வரும். ஃபான்ட், ஐபஸ், பிரின்டர் டிரைவர் எல்லாத்தையும் டெம்ப்ளேட்டுல போட்டு, அதை ஷட்டவுன் பண்ணிட்டு, அப்புறம் ஆப் க்யூபை மறுபடி தொடங்குங்க.

மத்த மூணு மெஷினுக்கும் டெபியன் 13 லினக்ஸ் போதும்; இன்ஸ்டால் பண்ணும்போதே முழு டிஸ்க் குறியாக்கம் போட்டுடுங்க. விண்டோஸ்ல மட்டும் ஓடுற கணக்கு மென்பொருள் இருந்தா முதல்ல அதுக்கு வழி பாருங்க, அப்புறம் இதெல்லாம்.

ஓப்பன்ஸ்டாக்கா? நாலு மூட்டை நெல்லுக்கு மில்லு கட்டுற கதை. ஒரு சின்ன டெபியன் விபிஎஸ் (இணையத்துல வாடகைக்கு எடுக்கிற சர்வர்), அதுல பேக்கப்பை வாங்கி வைக்க ரெஸ்ட்-சர்வர், ஆபீஸ்லேருந்து அனுப்ப ரெஸ்டிக் மென்பொருள். அனுப்புறதுக்கு முன்னாடியே ரெஸ்டிக் குறியாக்கம் பண்ணிடும். பாஸ்வேர்டு தொலைஞ்சா யாராலயும் மீட்க முடியாது, காகிதத்துல எழுதிப் பீரோவுல வைங்க. சர்வரை அப்பென்ட்-ஒன்லி (புதுசா சேர்க்க மட்டும் விடுற) முறையில ஓட்டுங்க. ஆபீஸ் மெஷின்ல ரான்சம்வேர் (ஃபைலைப் பூட்டிப் பணம் கேக்கிற வைரஸ்) புகுந்தாலும் பழைய பேக்கப்பை அங்கேருந்து அழிக்க முடியாது.

வெண்ணாறு:
உள்ளூர்லயும் ஒரு வெளி டிஸ்க்ல இன்னொரு நகல் வேணும். கார்த்திகை மழையில லைன் ரெண்டு நாள் போனா கிளவுட்ல இருக்கிறதை எடுக்க வழியில்லை. எழுதி முடிஞ்சதும் அந்த டிஸ்க்கைக் கழட்டிடுங்க.