வேர்ட் டிராக் சேஞ்சஸ்ல முக்கியமான மாத்தத்த மட்டும் தனியா பாக்க வழி இருக்கா?

பட்டர்வொர்த்_செயலாளர்:
வணக்கம். எங்க சங்கத்து சட்டவிதிய திருத்திக்கிட்டு இருக்கோம், ஆண்டுக்கூட்டத்துல பாஸ் ஆனப்புறம் மலேசிய சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்பணும். கமிட்டில ஆளாளுக்கு வேர்ட்ல டிராக் சேஞ்சஸ் (யாரு எத மாத்தினாங்கன்னு கலர்ல காட்டுற வசதி) போட்டு திருத்தியிருக்காங்க, ஃபைல தொறந்தா பக்கம் பூரா செவப்பு, நீலம், பச்சை. ஒருத்தர் ஃபாண்ட மட்டும் மாத்தியிருக்காரு, இன்னொருத்தர் கமா போட்டுருக்காரு, அதுக்கு நடுவுல கோரம் எண்ணிக்கைய (கூட்டம் செல்லுபடியாக கொறஞ்சது எத்தன பேரு வரணும்ங்கிறத) மாத்தினதும் அதே கலர்லதான் நிக்குது. செக்ல யாரு கையெழுத்து போடணும்ங்கிற விதியும் ஒரு ஸ்பேஸும் ஒரே மாதிரி தெரிஞ்சா வயசான மெம்பர்ங்க எப்படி படிச்சு ஓட்டு போடுவாங்க? சிம்பிள் மார்க்அப்ல வச்சா ஓரத்துல கோடு மட்டும்தான் வருது.

செந்தூல்_அச்சகம்:
அண்ணே, மொதல்ல ஒரு காப்பி எடுத்து வச்சுக்குங்க. ரிவியூ டேப்ல ஷோ மார்க்அப்ல ஃபார்மெட்டிங் மட்டும் டிக் பண்ணி மத்தத எடுத்துட்டு, அக்செப்ட் பட்டனுக்கு கீழ அம்புக்குறிய அமுக்கினா 'அக்செப்ட் ஆல் சேஞ்சஸ் ஷோன்'னு வரும். கண்ணுக்கு தெரியுறத மட்டும்தான் அது ஏத்துக்கும், ஃபாண்ட் குப்பையெல்லாம் ஒரே அடியில போயிடும். அப்புறம் திரும்ப எல்லாத்தையும் டிக் பண்ணிட்டு, ஸ்பெசிஃபிக் பீப்பிள்ல போயி ஒவ்வொரு ஆளா பாருங்க. நோ மார்க்அப் போட்டா மறையத்தான் செய்யும், மாத்தமெல்லாம் ஃபைலுக்குள்ளயே இருக்கும், அப்படியே யாருக்கும் அனுப்பிடாதீங்க.

பாயான்லெப்பாஸ்_கோடர்:
செந்தூல் அண்ணன் சொன்னது சரி, ஆனா சாஃப்ட்வேரும் மாறணும். வேர்ட் ஒவ்வொரு மாத்தத்துக்கும் யாரு, எப்போ, சேர்த்ததா நீக்கினதான்னு எழுதி வைக்குது, ஏன் மாத்தினோம்னு சொல்லணும்னா நாமளா தனி கமெண்ட் போடணும். வேர்ட் மாதிரியே இருக்குற இலவச லிப்ரே ஆபிஸ்ல மாத்தத்து மேலயே கமெண்ட் எழுதலாம், மேனேஜ் சேஞ்சஸ்ல ஆள் பேரு, தேதி வச்சு வடிகட்டலாம், கூகுள் டாக்ஸ்லயும் சஜஷனுக்கு கீழயே பதில் போட்டு பேசிக்கலாம். இதுக்கும் மேல எனக்கு வேணும்னு தோணுறது, ஒரே சொல்லு பல எடத்துல மாறியிருந்தா ஒரே தடவ கேட்டா போதும், எண்ணோ தேதியோ தொகையோ மாறியிருந்தா அத மேல கொண்டுவந்து காட்டணும், மலாய்ல 'ஹெண்டாக்லா' (செய்யணும்) போயி 'போலே' (செய்யலாம்) வந்தா கட்டாயமே போச்சுல்ல, அதையும் காட்டணும். இத கண்டுபிடிக்க பெரிய ஏஐ எல்லாம் தேவையே இல்ல.

ஆயர்ஈத்தாம்_அக்கா:
தம்பி, எது முக்கியம்னு மெஷின் முடிவு பண்றதுல எனக்கு இஷ்டமில்ல. ஒரு கமா நகர்ந்தா யாருக்கு ஓட்டுரிமைங்கிறதே மாறிடும், நான் வக்கீல் ஆபிஸ்ல இத நெறைய பாத்துருக்கேன். கலர் கலரா வேணா காட்டட்டும், எதையும் மறைக்கக் கூடாது. செயலாளர் சார், மெம்பர்ங்களுக்கு அந்த செவப்பு ஃபைல குடுக்காதீங்க. பழைய விதி, புது விதி, காரணம்னு மூணு பத்தில டேபிள் போட்டு குடுங்க, எந்த வயசுக்காரரும் படிப்பாங்க. இன்னொண்ணு, டிராக்க ஆஃப் பண்ணிட்டு மாத்துனது எதுவும் செவப்புல வராது. அதனால போன தடவ பாஸான ஃபைலையும் இதையும் ரிவியூல கம்பேர் போட்டு பாத்துடுங்க. அடுத்த வாட்டி லாக் டிராக்கிங்ல பாஸ்வேர்ட் போட்டு குடுத்தா அது தெரியாம யாரும் சும்மா ஆஃப் பண்ண முடியாது.

பட்டர்வொர்த்_செயலாளர்:
ரொம்ப நன்றிங்க அக்கா, கம்பேர் போட்டேன். தலைவரோட பதவிக்காலம் மாறியிருக்கு, டிராக்ல அதுக்கு அடையாளமே இல்ல. யாரு மாத்துனதுன்னு கம்பேர்லயும் தெரியல, கமிட்டி வாட்ஸ்அப்ல கேட்டுருக்கேன். டேபிள் இன்னிக்கு ராத்திரியே ஆரம்பிக்கிறேன்.