சுவருக்குள் ஏசி செம்புக் குழாய் வியர்க்கிறது. இன்னொன்றை மண்ணுக்கடியில் கொண்டுபோகலாமா?

நாகை_புதுவீடு:
நாகப்பட்டினத்தில் கடலுக்குப் பக்கத்தில் வீடு. படுக்கையறையில் ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசி, ஆர்-32 வாயு. குழாய்களைச் சுவரில் காடி வெட்டிப் பதித்துப் பூசியிருக்கிறார்கள். இப்போது அந்தத் தடத்தில் பெயின்ட் குமிழ்விட்டு உதிர்கிறது. மெக்கானிக் டிரெயின் (ஏசித் தண்ணீர் வெளியேறும் குழாய்) அடைப்பு என்று சொல்லி ஊதிவிட்டுப் போனார். ஈரம் அப்படியேதான் இருக்கிறது.

அடுத்து ஹாலுக்கு ஒரு ஏசி வாங்கியிருக்கிறோம். அதன் குழாய் நடைபாதைக்குக் கீழே நான்கு மீட்டர் போயாக வேண்டும். அப்படியே புதைத்து மேலே கான்கிரீட் போட்டுவிடலாம் என்கிறார் கொத்தனார். சரிதானா?

குளிர்சாதன_மெக்கானிக்:
முதலில் டிரெயினைச் சோதியுங்கள் சார். ஏசியை நிறுத்திவிட்டு, உள் யூனிட்டின் தட்டில் ஒரு லிட்டர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். முழுதும் வெளியே வந்துவிட்டால் அடைப்பு இல்லை. பிறகு குழாய் சுவரைவிட்டு வெளிவரும் இடத்தில் மேல் டேப்பை ஒரு சாண் பிரித்து, உள்ளே எப்படிச் சுற்றியிருக்கிறார்கள் என்று சொல்லுங்கள்.

நாகை_புதுவீடு:
ஊற்றிய தண்ணீர் முழுதும் வந்துவிட்டது. டேப்பைப் பிரித்தேன். தடித்த குழாய்க்கு மட்டும் கறுப்பு ரப்பர் உறை. மெல்லிய குழாய் வெறும் செம்பாகப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன்மேல் முத்துமுத்தாகத் தண்ணீர், ஆங்காங்கே பச்சைக் களிம்பு.

குளிர்சாதன_மெக்கானிக்:
அதுதான் காரணம். மெல்லிய குழாயில் சூடான திரவம் போகிறது, அதற்கு உறை வேண்டாம் என்பது பழைய பழக்கம். பெரும்பாலான வீட்டு ஸ்பிளிட்டுகளில் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு வெளி யூனிட்டுக்குள் இருக்கிறது. அதனால் உள்ளே வரும் மெல்லிய குழாயும் சில்லென்றுதான் இருக்கும். உங்கள் ஊர்க் காற்றில் ஈரம் மிகுதி. 24, 25 டிகிரியில் இருக்கும் பொருள்மேலேயே நீர் படிந்துவிடும். பத்து டிகிரிக் குழாயைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

இரண்டு குழாய்க்கும் தனித்தனி நைட்ரில் ரப்பர் உறை வேண்டும், குறைந்தது 13 மி.மீ. தடிமன். நீளவாக்கில் கீறி மாட்டாமல் முழுக் குழலாகச் செருகி, இணைப்புகளைப் பசை வைத்து ஒட்ட வேண்டும். வெறும் டேப் ஓர் ஆண்டுகூடத் தாங்காது. சுவருக்குள் போகும் டிரெயின் குழாய்க்கும் மெல்லிய உறை போடுங்கள், அதுவும் வியர்க்கும். ஆக, காடியைத் திறந்துதான் ஆக வேண்டும், வேறு வழியில்லை.

சைட்_இன்ஜினியர்:
மண்ணுக்கடி விஷயத்துக்கு நான் பதில் சொல்கிறேன். கொத்தனார் சொல்வதைக் கேட்காதீர்கள். கடலோர மண்ணின் உப்பு செம்பை அரிக்கும்; கசிந்தால் நடைபாதையை உடைப்பதைத் தவிர வழி இராது. 110 மி.மீ. பிவிசி குழாயை ஸ்லீவாகப் புதைத்து, அதற்குள் உறையிட்ட குழாய்களை இழுத்துவிடுங்கள். திருப்பத்தில் 90 டிகிரி எல்போ போட்டால் குழாய் நுழையாது. இரண்டு 45 டிகிரி போடுங்கள். ஸ்லீவுக்குள் செம்பில் ஒரு இணைப்புகூட இருக்கக் கூடாது, ஒரே துண்டாகப் போக வேண்டும்.

மேட்டு நிலமாக இருந்தால் ஸ்லீவின் தாழ்ந்த முனையைத் திறந்து வைத்து, புகும் நீர் வடிய வழி செய்யச் சொல்வேன். நாகையில் அது வேண்டாம். ஐப்பசி மழையில் நிலத்தடி நீர் மேலே வந்துவிடும். வடியவிட்ட வழியாகவே உள்ளே ஏறும். இணைப்புகளைச் சால்வென்ட் பூசி ஒட்டி, இரு முனைகளையும் தரைக்கு மேல் ஒரு முழம் உயர்த்தி அடைத்துவிடுங்கள். தண்ணீரில் கிடக்கும் குழாயில் குளிர் மண்ணுக்குத்தான் போகும், மின்கட்டணம் உங்களுக்கு.

காரைக்கால்_வாசகர்:
புதைக்காமல் காம்பவுண்டுச் சுவர்மேல் டிரங்கிங் (குழாயை மூடும் பெட்டி உறை) போட்டுக் கொண்டுபோனால் என்ன?

சைட்_இன்ஜினியர்:
இடமிருந்தால் அதுதான் நல்லது. ரப்பர் உறை வெயிலில் வெடிக்கும், அணில் கடிக்கும். டிரங்கிங் இரண்டையும் தடுக்கும். ஆனால் குழாயின் மொத்த நீளத்தைக் கணக்குப் பாருங்கள். நிறுவனக் கையேட்டில் உள்ள நீளத்தைத் தாண்டினால் கூடுதல் வாயு ஏற்ற வேண்டியிருக்கும்.

நாகை_புதுவீடு:
சுற்றிப் போனால் பதினெட்டு மீட்டர் வருகிறது, கையேட்டில் பதினைந்துதான். ஸ்லீவே போடுகிறேன். மூடுவதற்கு முன் எதைச் சோதிக்க வேண்டும்?

குளிர்சாதன_மெக்கானிக்:
குழாயில் நைட்ரஜன் ஏற்றி, கேஜ் முள்ளைக் குறித்து, ஒரு நாள் அப்படியே விடுங்கள். எவ்வளவு அழுத்தம் என்பது கையேட்டில் இருக்கும். ஆக்சிஜன் சிலிண்டரை மட்டும் பக்கத்தில் விடாதீர்கள். எண்ணெயோடு சேர்ந்தால் வெடித்துவிடும். முள் இறங்கவில்லை என்றால் நைட்ரஜனை வெளியேற்றி, வாக்கம் போட்டு (குழாயில் மிஞ்சியதைப் பம்பால் உறிஞ்சியெடுத்து) வாயுவைத் திறக்கலாம். அதற்குப் பிறகே கொத்தனாரைக் கூப்பிடுங்கள் சார்.