பொறிக்குக் கலக்கிய தீனியை எங்கே வைப்பது? தினமும் ராத்திரி ஏதோ வந்து கிளறுகிறது

பாகல்பந்தல்: அவசரம். பாகல் காயைக் குத்துகிற பழ ஈயைப் பிடிக்கும் பொறிக்குக் கலக்கி வைத்த தீனியை ஏதோ வந்து இழுத்துப் போடுகிறது. மூடி போட்டு மேலே செங்கல் வைத்தும் பலனில்லை. நாற்றம் தாங்காமல் அம்மா வீட்டுக்குள் வைக்க விடவில்லை. எதில் வைப்பது?

கொல்லைக்காரி: என்ன தீனி தம்பி? கருவாடா, வெல்லமா? எவ்வளவு? வருவது நாயா, பூனையா?

வயல்நண்டு: பூனைதான், சந்தேகமே வேண்டாம். கருவாட்டு வாசனைக்கு எங்கள் தெருப் பூனை கூரை ஓட்டையே பிரித்தது. உயரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள்.

செம்மண்: செங்கலைப் பூனை எங்கே தள்ளும்? நாய்.

ஏர்முனை: இதைப் பத்து தடவை எழுதியாயிற்று. புதிதாக வருகிறவர்கள் பழைய இழைகளைப் படிப்பதே இல்லை. கியூ லூர் (ஈயை இழுக்கிற வாசனைப் பொருள்) பொறி வைத்தால் நாற்றமும் இல்லை, நாயும் இல்லை. அடிப்படையைக் கற்றுக்கொண்டு பந்தல் போடுங்கள்.

கொல்லைக்காரி: கியூ லூருக்கு ஆண் ஈதானே வரும்? காயைக் குத்தி முட்டை வைப்பது பெண் ஈ.

ஏர்முனை: ஆணைப் பிடித்தால் இனம் பெருகாது அம்மா. அதுதான் கணக்கு.

கொல்லைக்காரி: பக்கத்துத் தோட்டத்தில் சேர்ந்துவிட்டுப் பறந்து வருகிற பெண் ஈயை என்ன செய்வீர்கள்? சின்னப் பந்தலுக்கு உங்கள் கணக்கு ஒத்து வராது. சொத்தைக் காயைப் பொறுக்கிப் புதைக்காவிட்டால் எந்தப் பொறியாலும் பயனில்லை.

பாகல்பந்தல்: கருவாட்டுத் தூள்தான், 2 கிலோ. பழைய பெயிண்ட் வாளியில், மோட்டார் ரூமுக்கு வெளியே இருக்கிறது. பந்தல் 10 சென்ட்.

கிணற்றடி: தம்பி, வாளி விளிம்பைப் பாருங்கள். குழி குழியாக இருந்தால் நாய். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கீறலாக, உளியால் சுரண்டியது போல இருந்தால் பெருச்சாளி. இன்னொன்று, தூளில் மருந்து கலந்திருக்கிறீர்களா?

பாகல்பந்தல்: இரண்டு இரண்டு கீறல்தான் அண்ணா. ஒரு பக்கம் விரல் நுழைகிற அளவுக்குக் கடித்திருக்கிறது. மருந்து, வீட்டில் பழைய டைக்குளோர்வாஸ் பூச்சிமருந்து கொஞ்சம் இருந்தது, ஊற்றினேன்.

கிணற்றடி: முதலில் அந்த வாளியைப் பூட்டுகிற இடத்துக்குள் கொண்டு போங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். சிந்தியிருக்கும் தூளை மண்ணோடு வழித்து அதே வாளியில் போடுங்கள். தெருநாய் நக்கினாலும் ஆபத்து, செத்த பெருச்சாளியைத் தின்கிற நாய்க்கும் ஆபத்து. டைக்குளோர்வாஸ் 2020 கடைசியோடு தடை செய்யப்பட்டது. மிச்சத்தைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். பாட்டிலோடு வைத்திருந்து வேளாண் விரிவாக்க மையத்தில் கேளுங்கள். நாய் எதாவது எச்சில் ஒழுகி நடுங்கினால் உடனே கால்நடை மருத்துவமனைக்குத் தூக்குங்கள். பாட்டிலையும் எடுத்துப் போங்கள், மருந்தின் பேர் தெரிந்தால்தான் டாக்டர் மாற்று மருந்து கொடுக்க முடியும்.

அப்புறம் அளவு. ஹெக்டேருக்கு 50 பொறி, ஒன்றுக்கு 5 கிராம் கருவாட்டுத் தூள், 20 நாளுக்கு ஒரு தடவை மாற்றுவது. உங்கள் 10 சென்டுக்கு 2 பொறி, 10 கிராம்! 2 கிலோ எதற்கு? கால் கிலோ வாங்கி, மொறுமொறுவென்று காயவைத்து, மருந்து சேர்க்காமல், திருகு மூடி போட்ட பாட்டிலில் அடைத்துத் தகரப் பெட்டிக்குள் வையுங்கள். பெருச்சாளி பிளாஸ்டிக்கைக் கடித்துவிடும், தகரத்தில் பல் ஏறாது. தூளைப் பொறியில் போடும்போது நனைத்தால் போதும். ஈரம் பட்டால் நாற்றம் கூடும். பொறியில் விரல் உயரம் சோப்புத் தண்ணீர் விடுங்கள், விழுகிற ஈ முழுகிவிடும்.

ஏர்முனை: கியூ லூர் வைத்திருந்தால் இவ்வளவும் தேவையே இல்லை.

கொல்லைக்காரி: தம்பி, வாளியை எடுத்து வைத்தீர்களா? ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

பாகல்பந்தல் (4 நாள் கழித்து): எடுத்தாயிற்று அக்கா. அப்பாவின் பழைய டிரங்குப் பெட்டியில் பூட்டி வைத்தேன். தெருநாய் இரண்டும் நன்றாக இருக்கின்றன. கிணற்றடி அண்ணாவுக்கு நன்றி.