சிங்கப்பூர் வெறுங்கையோடு ஜெயித்ததா? மூன்று காசுத் தண்ணீரை ஏன் மறைக்கிறீர்கள்?

மூலத்தறை விவசாயி:
நேற்று வேலந்தாவளம் மாஷ் (வாத்தியார்) இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. சின்ன நாடு தனியாகப் பிரிந்தால் பத்தே வருஷத்தில் செழித்துவிடுமாம், சிங்கப்பூர் வெறுங்கையோடு கிளம்பி ஜெயித்ததாம். வெறுங்கையா? 1965 ஆகஸ்ட் 9 அன்று மலேசியாவிலிருந்து பிரியும்போது, 1962-ல் பக்கத்து மலேசிய மாநிலமான ஜோகூரோடு போட்ட தண்ணீர் ஒப்பந்தம் அதன் கையில் இருந்தது. ஜோகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை எடுக்கலாம். ஆயிரம் கேலனுக்கு விலை மலேசியப் பணத்தில் 3 சென் (நூறு சென் ஒரு ரிங்கிட்), அதாவது மூன்று காசு. 2061 வரை செல்லும். பிரிவினை ஒப்பந்தத்திலேயே இதற்கு உத்தரவாதம் எழுதி, ஐ.நா.விலும் பதிந்தார்கள். ஆயிரம் கேலன் என்றால் நாலாயிரத்து ஐந்நூறு லிட்டருக்கு மேல். சித்திரையில் நம் பாலக்காட்டு எல்லையில் எருத்தேன்பதிப் பக்கம் தென்னை காயாமல் இருக்க டேங்கர் வாங்கி ஊற்றியவர்களைக் கேளுங்கள், அவ்வளவு தண்ணீர் மூன்று காசுக்கு வந்தால் எப்படி இருக்கும் என்று.

வேலந்தாவளம் மாஷ்:
விவசாயி அண்ணா, அந்த மூன்று காசையே பிடித்துத் தொங்காதீர்கள். அது சுத்திகரிக்காத ஆற்றுத் தண்ணீரின் விலை. பம்ப், குழாய், சுத்திகரிப்பு எல்லாம் சிங்கப்பூரின் செலவு. சுத்தம் செய்ததில் ஒரு பங்கை ஆயிரம் கேலன் 50 சென்னுக்கு ஜோகூருக்கே திருப்பி விற்கிறது. அதற்கு 2 ரிங்கிட் 40 சென் செலவாகிறது என்பது சிங்கப்பூர் சொல்லும் கணக்கு. ஜோகூரில் உள்ள லிங்கியு நீர்த்தேக்கமும் அவர்கள் பணத்தில் கட்டியதுதான்.

நான் சொன்னது பொருளாதாரம். பிரிந்தபோது மலேசியாவோடு பொதுச் சந்தை என்ற பேச்சே போயிற்று. இந்தோனேசியாவின் மோதல் போக்கால் வியாபாரம் படுத்துக் கிடந்தது. வேலையில்லாதவர்கள் ஏராளம். 1968 ஜனவரியில் பிரிட்டன் படைத்தளங்களைக் காலி செய்கிறோம் என்று அறிவித்தது. நாட்டு வருமானத்தில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு அந்தத் தளங்களால் வந்தது. இத்தனை அடியும் வாங்கிக்கொண்டு, அமைச்சர் கோ கெங் சுவீயும் டச்சு ஆலோசகர் வின்செமியுஸும் உள்ளூர்ச் சந்தையை விட்டுவிட்டு உலகத்துக்கே விற்கலாம் என்று திசையைத் திருப்பினார்கள். அமெரிக்க மின்னணுக் கம்பெனி டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1968-ல் வந்தது. இது தண்ணீர்க் குழாயில் வந்ததா?

மூலத்தறை விவசாயி:
குழாயில்தான் வந்தது மாஷே. 1963-64-ல் மழை பொய்த்துப் பத்து மாதம் அங்கே தண்ணீர் ரேஷன். பாடம் நடத்தும்போது அதை விட்டுவிட்டீர்களோ? தண்ணீர் இல்லாத தீவில் எந்தக் கம்பெனிக்காரன் முதல் போடுவான்? மூன்று காசு ஒப்பந்தம் கையெழுத்தாகி இருந்ததால்தான் வந்தான். கழிவுநீரைச் சுத்திகரித்துக் கிடைக்கும் நியூவாட்டர் வந்தது 2003-ல், மழைநீரைத் தேக்கும் மரீனா தடுப்பணை 2008-ல். அதுவரைக்கும் யார் ஆற்றைக் குடித்தார்கள்?

கோவிந்தாபுரம் லாரி:
விவசாயி அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தெற்கு சூடானைப் பாருங்கள். 2011 ஜூலையில் தனி நாடானது. எண்ணெய்க் கிணறு இவர்களிடம், துறைமுகத்துக்குப் போகும் குழாய் வடக்கு சூடானிடம். வாடகைத் தகராறில் 2012 ஜனவரியில் தெற்கு தன் கிணறுகளையே மூடியது. அரசாங்க வருமானத்தில் நூற்றுக்கு தொண்ணூற்றெட்டு அந்த எண்ணெயிலிருந்துதான். மறுபடி ஓட ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. வாளையாரில் ஒரு நாள் செக்போஸ்ட் அடைத்தாலே எங்கள் வண்டிக்கு என்ன நஷ்டம் என்று எனக்குத் தெரியும். கொடி ஏற்றிவிட்டால் குழாய் தானாக வந்துவிடாது.

வேலந்தாவளம் மாஷ்:
லாரித் தம்பி, பசிபிக் தீவு நாடான நவ்ரூவையும் சேர்த்துச் சொல்லுங்கள். 1968-ல் சுதந்திரம், தோண்டினால் பாஸ்பேட், தலைக்கு இத்தனை வருமானம் என்று உலகமே வாயைப் பிளந்தது. தாறுமாறாக முதலீடு செய்து எல்லாவற்றையும் தொலைத்தார்கள். அவர்களுக்குக் குழாய்த் தகராறு எதுவும் இல்லையே? நிர்வாகம்தான் காரணம். அதைத்தான் நேற்றிலிருந்து சொல்கிறேன். சிங்கப்பூரின் ஜூரோங் தொழிற்பேட்டையில் 1966-லேயே கழிவுநீரைச் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்குக் கொடுத்தார்கள். மூன்று காசுத் தண்ணீரை நம்பி உட்கார்ந்திருந்தவர்கள் செய்கிற வேலையா அது?

செம்பவாங் பேரன்:
நீங்கள் இருவரும் தண்ணீரைப் பற்றியே அடித்துக்கொள்கிறீர்கள். என் தாத்தா சிங்கப்பூரில் பிரிட்டனின் செம்பவாங் கடற்படைத் தளத்தில் பெயின்டராக இருந்தவர். பக்கத்தில் எல்லாம் மலையாளிகள், தமிழர்கள். சுதந்திரம் வந்ததும் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு வேண்டும் என்று சட்டம் வந்தது. தளம் மூடும்போது சீட்டு கிடைக்காதவர்களை ஊருக்கு அனுப்பினார்கள். ஒரு தகரப்பெட்டியோடு கொழிஞ்சாம்பாறைக்கு வந்து சேர்ந்தார். வாழ்நாள் முழுக்க பெயின்ட் அடித்த கப்பல்தளம் வேறு பெயரில் ஓடியது, அவருக்கு இங்கே கூலி வேலை. அந்த நஷ்டத்தை எந்தக் கணக்கில் எழுதினீர்கள், மாஷ்?

வேலந்தாவளம் மாஷ்:
உங்கள் தாத்தாவின் வேதனை புரிகிறது. ஆனால் தன் குடிமகனுக்கே வேலை இல்லாத நாடு வேறு என்ன செய்யும்? அந்தத் தளத்தைக் கப்பல் பட்டறையாக மாற்றியதால்தான் ஆயிரக்கணக்கானவர்கள் பிழைத்தார்கள்.

செம்பவாங் பேரன்:
வேறு என்ன செய்யும் என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். உங்கள் வீட்டில் யாரும் அப்படித் திரும்பி வரவில்லை, அவ்வளவுதான்.

மூலத்தறை விவசாயி:
பேரன் தம்பி சொன்னதற்கும் மாஷிடம் பதில் இல்லை. நான் கேட்ட மூன்று காசுக்கும் பதில் இல்லை. அந்த ஒப்பந்தத்தில் 25 வருஷம் கழித்து விலையை மாற்றிக்கொள்ள இடம் இருந்தது. 1987-ல் மலேசியா கேட்காமல் விட்டது. இப்போது கேட்டால், உரிமை போய்விட்டது என்கிறது சிங்கப்பூர். நம் ஊரிலும் இதே கதைதான். தமிழ்நாடும் கேரளமும் போட்ட பரம்பிக்குளம்-ஆழியாறு ஆற்றுநீர் ஒப்பந்தம் 1970-ல் கையெழுத்தாகி, முன்தேதியிட்டு 1958 நவம்பர் முதல் நடப்புக்கு வந்தது. 30 வருஷத்தில் மறுஆய்வு என்று எழுதியிருக்கிறது. 1988 போய் எத்தனை வருஷம் ஆயிற்று? எல்லையில் மணக்கடவில் வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீரைத் தமிழ்நாடு எங்கள் கேரளத்துக்குத் தர வேண்டும். நாற்றுக்குத் தண்ணீர் வேண்டிய நாளில் மூலத்தறை ஷட்டருக்குக் கீழே மணல்தான் தெரிகிறது.

ஆனைமலைத் தோப்பு:
ஆரம்பித்துவிட்டார்! சிங்கப்பூரில் கிளம்பி ஆழியாறுக்கு வந்தாயிற்று. 7.25 கணக்கு ஜூலையிலிருந்து ஜூன் வரை ஒரு வருஷத்துக்கு. மழையில் வருகிற வெள்ளத்தையெல்லாம் உங்கள் பக்கம் கடலுக்கு விட்டுவிட்டு, மாசியில் எங்களைத் திட்டுகிறீர்கள். எங்கள் தோப்பிலும் கிணறு காய்கிறது அண்ணா.

மூலத்தறை விவசாயி:
வெள்ளக் காலத்தில் திறந்துவிட்டுக் கணக்கில் கழிப்பது யார்? அணையின் சாவி உங்களிடம். அதனால்தான் உங்களுக்கு இது சாதாரணமாகத் தெரிகிறது.

ஆனைமலைத் தோப்பு:
சாவி எங்களிடம், மலையும் பரம்பிக்குளமும் உங்கள் மாநிலத்தில். மழை எங்கே பெய்கிறது, யார் அணை கட்டினார்கள் என்று பேச ஆரம்பித்தால் விடிந்துவிடும்.

கோவிந்தாபுரம் லாரி:
சிங்கப்பூர் பணத்தை விட்டுவிட்டோம். 1967-ல் தனி டாலர் அச்சடித்தார்கள். புரூனே டாலரோடு சரிக்குச் சரி இன்றைக்கும் மாறுகிறது. அதைப் பற்றி யாராவது பேசுங்களேன்.

மூலத்தறை விவசாயி:
பணம் அப்புறம் பேசலாம் தம்பி. முதலில் மாஷ் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லட்டும். 1965-ல் அந்த ஒப்பந்தத்தைக் கிழித்துப் போட்டு, ஜோகூர்க் குழாயை அடைத்திருந்தால் உங்கள் வின்செமியுஸ் என்ன செய்திருப்பார்?

வேலந்தாவளம் மாஷ்:
அடைக்கவில்லையே! நடக்காததற்கு நான் எதற்கு விடை எழுத வேண்டும்? நடந்ததைத்தான் எழுதினேன்: தொழிற்பேட்டை, வீட்டு வசதி, துறைமுகம், ஏற்றுமதி. இதில் ஒன்றையாவது மறுத்தீர்களா?

மூலத்தறை விவசாயி:
எதையும் மறுக்கவில்லை, அது அத்தனைக்கும் அடியில் மூன்று காசுத் தண்ணீர் ஓடியது என்கிறேன். நேற்று "வெறுங்கை" என்று எழுதியதை முதலில் அழியுங்கள்.

வேலந்தாவளம் மாஷ்:
அழிக்க மாட்டேன்.

ஆனைமலைத் தோப்பு:
மாஷ், விடாதீர்கள். விவசாயி அண்ணா, போன வருஷம் மணக்கடவில் எவ்வளவு வந்தது என்று ரசீதோடு போடுங்கள், நானும் எங்கள் பக்கத்துக் கணக்கைப் போடுகிறேன்.